சிக்னல் முழுசு, படம் ஏன் மங்குகிறது?

சிக்னல் முழுசாக இருந்தும் நேரலைக் கிரிக்கெட் மங்கினால், டவரையும் அலைவரிசையையும்தான் குறை சொல்கிறோம். ஆனால் டவரில் தனிப்பெட்டிகள் செய்துவந்த வேலையைப் பொதுவான சர்வர்களில் ஓடும் மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்ட நெட்வொர்க்குகளில் இன்னொரு காரணமும் உண்டு: பிராசசரின் திறன் போதாமை. ஜப்பானில் ரகுடென் மொபைல் 2020 ஏப்ரலில் இந்த முறையிலேயே வணிகச் சேவையைத் தொடங்கியது. இத்தகைய நெட்வொர்க்கில் அலைவரிசையைப் போலவே பிராசசர் நேரத்தையும் அளந்து பங்கிட வேண்டும்.

காரணம், இங்கே வேலைக்குக் கெடு உண்டு. 4ஜியில் கைப்பேசி 1 மில்லிசெகண்ட் அளவுள்ள துண்டுகளாகத் தரவை அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்தது' அல்லது 'வரவில்லை' என்ற பதில் நான்காவது மில்லிசெகண்டில் திரும்பியாக வேண்டும். ஆகவே சர்வருக்குக் கிடைப்பது சுமார் 3 மில்லிசெகண்ட்தான். சர்வர் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒளியிழையில் போய்வரவே அதில் 0.2 மில்லிசெகண்ட் கழிந்துவிடும். மிச்ச நேரத்தில் பிழைகளைத் திருத்தி முடிக்க வேண்டும். சிக்னல் தாங்கும் எல்லையை ஒட்டிய வேகத்தில் தரவு வந்தால், திருத்தும் சுற்றுகள் கூடும். பல டவர்களுக்கு ஒரே சமயத்தில் இப்படி நேர்ந்தால் பிராசசர் திணறும். காற்றில் நல்லபடியாக வந்த தரவும் கெடு தாண்டியதால் வீணாகும். நேரலையாகப் படம் அனுப்புபவருக்கு இது நேரடி இழப்பு. பார்ப்பவருக்கும் பாதிப்பு உண்டு: அவருடைய கைப்பேசி அனுப்பும் வேண்டுகோள்களும் ஒப்புதல்களும் இதே வழியில்தான் போகின்றன. அவை தாமதித்தால் வீடியோ வரும் வேகம் குறையும். அதைக் கண்ட செயலி 1080பி படத்தை 480பிக்கு இறக்கிவிடும்.

முன்கூட்டிச் சேமித்த சில விநாடிப் படம் தாமதத்தை மறைக்காதா என்று கேட்கலாம். ஒரு தடவை தடுமாறினால் மறைக்கும். திரும்பத் திரும்ப நடந்தால் சேமிப்பு கரைந்துவிடும். நேரலையில் சேமிக்க இடமே குறைவு. சர்வர்களைக் கூட்டினால் போதாதா? போதும்தான். ஆனால் உச்ச நேரத்துக்கென்றே வாங்கிக் குவித்தால், பல டவர்களுக்குப் பொதுவாகச் சர்வர் வைப்பதால் வரும் சிக்கனம் அடிபட்டுப்போகும்.

பழைய பெட்டிகளுக்கே திரும்பத் தேவையில்லை. பிழைதிருத்தும் வேலையைத் தனிச் சில்லுக்கு மாற்றலாம். நெருக்கடியில் தரவின் வேகத்தைச் சற்றே குறைத்து, பிராசசரின் சுமையை இறக்கலாம். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பது முழுத் துண்டையும் இழப்பதைவிட மேல். நெட்வொர்க்கின் தரத்தை அளப்பவர்கள் சிக்னலோடு நிற்காமல், கெடு தாண்டி வீணான துண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.