டியூலிப் குமிழத்தை எப்போது பெயர்ப்பது?

ஸ்ரீநகரில் தால் ஏரியருகே 2007-இல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்தை ஏப்ரலில் காண்போர் பலர். ஆனால் பூ உதிர்ந்தபின் மண்ணுக்குள் நடப்பதே தாவரவியல் மாணவர்க்குச் சுவையானது.

டியூலிப்பின் குமிழம் நம் வெங்காயம் போன்றது; சதைப்பற்றுள்ள செதில்களால் ஆனது. நட்ட தாய்க்குமிழம் ஒருமுறை பூத்ததும் வற்றிவிடும். அதன் செதிலிடுக்கில் தோன்றும் சேய்க்குமிழங்களே மறு ஆண்டில் முளைப்பவை. அவற்றுக்கு உணவூட்டுவது இலை. பூ வாடியதும் விதை பிடிக்காதபடி அதைக் கிள்ளிவிடலாம். பாத்தி அலங்கோலமாயிருக்கிறதென்று பச்சை இலையையும் அறுப்பது, பால்குடி மறவாத கன்றைப் பசுவிடமிருந்து பிரிப்பதற்கு ஒப்பாகும். சேய் சிறுத்துப்போய், மறு ஆண்டு வெறும் இலையோடு நின்றுவிடும்.

எனவே இலை மஞ்சளித்துச் சாயும்வரை, ஏறத்தாழ ஆறு வாரம், பொறுத்திருக்க வேண்டும். பிறகு காயம் படாமல் தோண்டி, அழுகியவற்றை நீக்கி, காற்றோட்டமான நிழலில் உலர்த்தலாம். இடத்தை உடனே காலி செய்தாக வேண்டுமானால், வேர்மண்ணோடு பெயர்த்து வேறொரு பள்ளத்தில் வைத்து இலையை வாழவிடுக.

உலர்ந்து கிடக்கும் குமிழம் உறங்குவதாக எண்ணற்க. அடுத்த பூவின் மொட்டு அந்தக் கோடை வெப்பத்தில்தான் அதனுள் உருவாகிறது! அக்டோபர், நவம்பரில், குமிழத்தின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் புது இடத்தில் நடுவர். அதன்பின் சுமார் மூன்று மாதக் குளிர் கிடைத்தால்தான் பூக்காம்பு நீளும். குளிர் காணாத மொட்டு இலைகளுக்கிடையிலேயே கருகிவிடுகிறது.