தைத்த இரைப்பை கசிந்தால்?

மதுரையிலோ சென்னையிலோ எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டு காரைக்குடி திரும்பியவருக்குச் சில நாளில் காய்ச்சல், இடது தோளில் வலி, படபடப்பு. வாயுத்தொல்லை என்று ஓமத்திரவம் குடித்துப் படுத்துவிடுவது ஆபத்து.

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குழாயாக ஸ்டேப்ளரால் தைக்கிறார்கள். அந்தத் தையல் அபூர்வமாக விட்டுப்போகும். பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில். ஏன் அங்கே? ரத்த ஓட்டம் அங்கே குறைவு. கீழே குழாய் குறுகியிருந்தால், முனையை மடக்கிப் பிடித்த தோட்டத்து ஹோஸ் போல அழுத்தம் மேலேறி, ஓட்டையை ஆறவிடாது.

ஓட்டையை மட்டும் அடைத்தால் வெளியே தேங்கிய சீழ் அங்கேயே சிறைப்படும். அதனால் இன்று பல மருத்துவர்கள் செய்வது தலைகீழ் வேலை: வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, இரு முனையும் சுருண்ட பிளாஸ்டிக் குழாயை ஓட்டைக்குள் செருகுகிறார்கள். ஒரு சுருள் சீழ்க்குழியில், மறு சுருள் இரைப்பைக்குள். சீழ் உள்ளே வடிய வடிய, குழி வாரக்கணக்கில் சுருங்கித் தூர்ந்துபோகும். குறுகலைப் பலூனால் விரிக்கிறார்கள். உலோக ஸ்டென்ட்டும் உண்டு. இடம் நகர்ந்துவிடுவது அதன் பெரிய குறை. நோயாளி நிலைகுலைந்த பிறகு வந்தால் இதெல்லாம் போதாது, மறுபடியும் அறுவைதான்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அறுவை செய்த மருத்துவரை வழியிலேயே அழையுங்கள்.