சிறு துளி கசிந்தால் பெரும் ஆபத்து

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் வழியில் கார் சூடேறிவிட்டால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பட்டறைக்காரரை அழைக்கலாம். வானத்தில் அந்த வசதி இல்லை. காரில் நாம் பொருட்படுத்தாத எண்ணெய்க் கசிவை விமானத்துறையினர் உயிர்ப் பிரச்சினையாகக் கருதுவது இதனால்தான்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆர்வலர்கள் சிலர் வீட்டிலேயே சிறு விமானம் கட்டி, அதில் மஸ்டா காரின் சுழல் இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். இதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. முக்கோணச் சுழலி உறைக்குள் சுழல்கிறது.

எண்ணெய்க்கு இரட்டை வேலை

உறையின் வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்கிறது. உள்ளே சுழலும் சுழலியை நீர் எட்டாது. அதைக் குளிர்விப்பது எண்ணெய்தான். தணிக்க வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது சுமக்கிறது. எனவே நல்ல காற்றோட்டத்தில் எண்ணெய் கூலர் ஒன்று வேண்டும். எண்ணெய் போய்வரக் குழாய்களும் வேண்டும். விமானம் முழு விசையுடன், குறைந்த வேகத்தில் மேலேறும்போதுதான் சோதனை. அப்போது வெப்பம் அதிகம், காற்று குறைவு.

கசிவு எங்கே?

பெரும்பாலும் குழாய்களின் இணைப்புகளில்தான். கூம்பு வடிவ இணைப்பில் உலோக முகங்கள் அழுந்துவதால்தான் எண்ணெய் தடுக்கப்படுகிறது. திருகு மரையில் வெள்ளை டேப் சுற்றுவதால் பயனில்லை; அது பிய்ந்து எண்ணெய் வழியை அடைக்கவும் கூடும். அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும். முறுக்கியபின் இணைப்பின் மேல் வண்ணக் கோடு இடுவது நல்ல பழக்கம். அதிர்வில் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கசியும் எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும்.

நம் அண்டை நாட்டில் நடந்தது

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 2010 நவம்பர் 4-ஆம் தேதி சிங்கப்பூர் சாங்கியிலிருந்து 469 பேருடன் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் ஒன்று, சில நிமிடங்களில் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. ஜெட் இயந்திரத்தின் அமைப்பு வேறு. ஆனால் காரணம் எண்ணெய்க் கசிவே. சரியாகக் கடையப்படாத சிறிய எண்ணெய்க் குழாயில் விரிசல் விழுந்து, கசிந்த எண்ணெய் தீப்பிடித்து, சுழல்தட்டு சிதறியது. விமானிகளின் திறமையால் அனைவரும் சாங்கியிலேயே உயிருடன் இறங்கினர்.

நம் வீட்டுக் காருக்கும் இது பாடம். காருக்கு அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தால், எண்ணெய் ஊற்றிச் சமாளிக்காமல், இடத்தைத் துடைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.