பதினொன்றாம் நம்பர் மணி

நிலாவெளிக் கடற்கரைக் கடையொன்றில் தொங்குகிற காதணி அது. நீலமும் வெள்ளையுமாய் ஒரு முக்கோணம். உள்ளங்கையில் வைத்தால் பாரமே தெரியாது. எத்தனை மணி என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். உப்புவெளியில் அதைச் செய்த அக்கா மனக்கணக்காகவே சொன்னார். முதற் சுற்றுக்கு 3 மணி, அடுத்ததற்கு 6, பிறகு 9, 12 என்று சுற்றுக்கு மூன்று மூன்றாய்க் கூடும். பத்துச் சுற்றில் 165. இரண்டு காதுக்கும் 330.

“மூலைக்கு ரெண்டு, பக்கத்துக்கு ஒண்டு. அவ்வளவுதான் வேலை. மறந்து மூலைக்கு ஒண்டு போட்டியளெண்டால் வளைஞ்சு கிண்ணமாப் போயிடும்.”

நகை முழுவதையும் ஒரே மூச்சில் கோர்ப்பதில்லை. முக்கோணம், சதுரம், வளையம், மணியாலேயே பின்னிய சிறு உருண்டை என்று துண்டு துண்டாகச் செய்து டப்பாவில் சேர்த்து வைக்கிறார்கள். மாரி மழையில் சேர்ந்தவை, சித்திரைக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரும் காலத்தில் காதணியாகவும் பதக்கமாகவும் மாறும். கோணேசர் கோயில் ஏற்றத்துக் கடைகளில் மலிவு மாலைக்குத்தான் மதிப்பு. இந்த நுணுக்க வேலைக்கு அங்கே ஆளில்லை.

நூலில் மட்டும் துறைமுக ஊரின் வாசனை உண்டு. மீன்பிடிச் சாமான் கடையில் மெல்லிய தங்கூசி நரம்பு வாங்கிக் கோர்க்கிறார்கள். ஆனால் தங்கூசியில் முடிச்சு நழுவும், வெயில் பட்டால் விறைத்து நொறுங்கும். கைபழகியவர்கள் நைலோன் நூலில் மெழுகு தடவிக்கொள்கிறார்கள். கொக்கியைக் கடற்காற்று தின்னும். துளைக்குள் வெள்ளி பூசிய மணி வியர்வையில் கறுத்துவிடும்.

மணி எல்லாம் கப்பலில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை வழியாக இங்கே வருவது: செக் மணி, யப்பான் மணி, இந்திய மணி, சீன மணி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது சின்னப் பைக்கற்றின் விலையும் துள்ளியது. மணி வெளியிலிருந்து வருவதில் ஒரு வேடிக்கை. மன்னார் மாந்தையில் 1980 முதல் 1984 வரை, யுத்தம் வந்து நிறுத்தும்வரை நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாய்க் கிடைத்தன. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனை மழுக்கிய மணிகள். அரிக்கமேட்டிலும் இதே வகைதான். இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் பெற்ற இவை கிழக்கே கொரியா வரை போயிருக்கின்றன. அதே முறையை ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டைக்காரர்கள் அண்மைக்காலம் வரை விடவில்லை.

இன்றைய மணிவேலைக்கு விற்பனைதான் சிக்கல், தரகரை நீக்கினால் பெண்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்கிறார் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர். இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு.

பதினொன்றாம் நம்பர் மணியின் அகலம் இரண்டு மில்லிமீற்றர். துளை ஒரு மில்லிமீற்றரும் இல்லை. அந்தத் துளைக்குள் நூல் ஒருமுறை போனால் போதாது. அடுத்த சுற்றுக்கு மறுபடி நுழைய வேண்டும். இந்த வேலைக்கு இருப்பவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள், அதாவது வெள்ளெழுத்து தொடங்கிய வயதுக்காரர்கள். உட்காரும் நேரமோ சமையல், பிள்ளைகள், பாத்திரம் எல்லாம் முடிந்த இரவு ஒன்பது மணி. குமிழ்விளக்கு முதுகுப் பக்கம். அவரவர் நிழலிலேயே கோர்க்கிறார்கள். ஃபேனைப் போட்டால் நூல் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போனபோது குப்பி விளக்கில் கோர்த்தவர் இந்த அக்கா.

அவருடைய கண்ணாடி பஸ் நிலையத்தடியில் வாங்கியது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். இடக்கண்ணுக்கு அது பொருந்தவில்லை. அந்தக் கண்ணை இடுக்கிக்கொண்டே பேசினார். பயிற்சிப் பையில் ஊசி, நூல், கத்தரிக்கோல், மணி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மேசை விளக்கு ஒன்றும் கூடவே கொடுத்திருக்கலாம். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர்கள், அக்கா பிழை கண்டு அவிழ்த்து மறுபடி கோர்த்த சுற்றுகளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

“கறுப்பும் கடும்நீலமும் ராவில எடுக்க ஏலாது தம்பி. ரெண்டும் ஒண்டாத்தான் தெரியுது. அதுகள விடிஞ்சாப் பிறகுதான்.”

வெளிச்சம் இருக்கும்போதே கறுப்பைத் தனி மூடியில் பிரித்து வைக்கிறார். ஊசிக் காதில் நூல் நுழைக்க அவரால் இப்போது முடிவதில்லை. அது மகளின் பொறுப்பு. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் போகுமுன் இருபது ஊசிக்கு நூல் கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். நான் போன அன்று பதினொரு ஊசிதான் இருந்தது. அதற்குள் பள்ளிக்கூட வான் வந்துவிட்டதாம்.