தொட்டி நிறையும் முன்னே

டிராம்பேயின் கழிமுகச் சேற்றை ஒட்டி அமைந்துள்ள சீத்தா கேம்ப்பில் தமிழ் ஒலிக்காத சந்து அரிது. 1976இல், அவசரநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த பல்லாயிரம் பேர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். அக்காலனிக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அவர் இளமையில் நடத்திய முதற்கிளர்ச்சிகளுள் ஒன்று துப்புரவைப் பற்றியது. அள்ளப்படாத குப்பையைச் சிறுவர்களின் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலகத்தின் வாசலிலேயே கொட்டச் செய்தார்.

குப்பை கண்ணுக்குத் தெரியும். செப்டிக் டேங்க் தெரியாது. அதனாலேயே பொங்கி வழியும் நாள்வரை அதை மறந்துவிடுகிறோம்.

தொட்டிக்குள் நடப்பது எளிய செயல். கனமான கசடு அடியில் தங்குகிறது. எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கிறது. இடைப்பட்ட நீர் வெளியேறுகிறது. காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் கசடை மெல்லச் செரிக்கின்றன. பினாயிலையும் ஆசிட்டையும் தாராளமாக ஊற்றுவோர், தமக்காக ஊதியமின்றி உழைக்கும் இந்த வேலையாட்களையே கொல்கின்றனர். நாப்கின், துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றை எந்த நுண்ணுயிரும் செரிப்பதில்லை.

வெளியேறும் நீர் முற்றிலும் தூயதன்று. அதை மண் உறிஞ்சவேண்டும். சதுப்பைத் தூர்த்து உண்டான நிலத்தில், தோண்டிய சிறிது ஆழத்திலேயே நீர் ஊறும். உறிஞ்சுகுழிக்கு அங்கு வேலையில்லை. மழைக்காலத்தில் கடலும் ஏறி வந்தால் சாக்கடை எதிர்த்துக்கொள்ளும். ஆகவே, ஊரில் மூன்றாண்டு தாங்கும் தொட்டியைப்போல் இங்குள்ள தொட்டியை எண்ணிவிடக் கூடாது. பல குடும்பங்கள் பயன்படுத்தும் தொட்டியாயின் கெடு இன்னும் குறையும். நீண்ட கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி இறக்கி எடுத்தால், கசடு எதுவரை நிற்கிறது என்பதைக் கறையே காட்டும். தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருந்தால், மழைக்கு முன்பே லாரியை அழைப்பது நன்று. கழியை இறக்குகையில் குனிந்து முகத்தை உள்ளே நீட்டலாகாது. தீக்குச்சி கிழிக்கவே கூடாது. உள்ளிருக்கும் மீத்தேன் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடோ, செறிவு மிகும்போது முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதென்று நம்பி இறங்கியவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்க இறங்கியவரும் அப்படியே.

ஆளை இறக்குவது சட்டப்படியும் குற்றம். கழிவுநீர்த் தொட்டியைப் பாதுகாப்பின்றித் தூய்மை செய்ய ஒருவரை அமர்த்துவோருக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்லர். இப்பணியில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது.

இத்தனைக்குப் பிறகும் வாளியும் கயிறுமாக ஆள் தேடப்படுவது ஏன்? கல்நெஞ்சம் மட்டுமே காரணமென்று நமக்குத் தோன்றவில்லை. தொட்டி பொங்கும் நாளில் கையில் பணமில்லை. அண்டை வீட்டார் பங்கு தரத் தயங்குகின்றனர். குறைந்த கூலிக்கு ஒருவர் கிடைக்கிறார்.

1990களின் நடுவில் உலக வங்கிக் கடனுதவியுடன் மும்பை மாநகராட்சி தொடங்கிய குடிசைப்பகுதிச் சுகாதாரத் திட்டம், பொதுக் கழிப்பறைகளின் பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடமே ஒப்படைத்தது. குடும்ப அட்டைக்கு மாதச் சந்தா பெற்று, அத்தொகையிலிருந்து செலவைச் சமாளிப்பது அதன் முறை. அதே முறை ஒரு சந்துக்கும் பொருந்தும். 25 குடும்பங்கள் மாதம் 20 ரூபாய் ஈந்தால் 500. ஆண்டுக்கு 6,000 ரூபாய், வட்டி தனி. சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்குமாறு ஏற்பாடு செய்துகொண்டு, தொகையைத் தொடர் வைப்பில் இடலாம். கையொப்பமிடும் இருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருப்பது நல்லது என்பது நம் கருத்து. கழிப்பறை அடைபட்ட நாளின் துன்பத்தை நன்கறிந்தவர் அவரே.

லாரி சந்துக்குள் நுழையாது என்பார்கள். உண்மைதான், குழாயை நீட்டவேண்டிவரும். ஆகவே, சாலையிலிருந்து தொட்டிவரையுள்ள தூரத்தை முன்கூட்டியே அளந்துவைத்து, முன்பதிவின்போது சொல்லிவிட வேண்டும். மூடியின்மேல் சிமென்ட் பூசி ஓடு பதித்தவர்கள், அதைப் பெயர்க்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்க. முன்பதிவுக்கு 14420 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.