பறக்கத் துடிக்கும் கூரை

அந்தமானின் ஹேடோவில் ஒரு திறந்தவெளி அரங்கு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். படிப்படியான இருக்கைகளுக்கு அங்குள்ள மேட்டுச் சரிவே பாதி வேலையை முடித்துவிடும். சிக்கல் கூரையில்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் விடாது. போதாக்குறைக்கு நிலநடுக்கம் வேறு; 2004 டிசம்பர் 26-இல் வந்த நிலநடுக்கத்தையும் சுனாமியையும் அங்கே யாரும் மறக்கவில்லை.

கான்கிரீட் தளம் போடலாமா? 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ இருக்கும். பூமி குலுங்கும்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடையோடு சேர்ந்தே கூடும். தலைக்கு மேல் அவ்வளவு பாரத்தை வைப்பது நல்லதல்ல. சிமெண்டும் கம்பியும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறி வந்தாக வேண்டும். தீவுகளின் கடற்கரை மணலை அள்ளுவதைக் குறைக்கும்படி உச்ச நீதிமன்றமே 2002-இல் உத்தரவிட்டிருக்கிறது.

இழுத்துக் கட்டிய துணிக்கூரையோ சதுர மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோதான். ஆயிரம் சதுர மீட்டருக்கான துணி ஒரே லாரிச் சுமைக்குள் அடங்கிவிடும்.

இந்த வகைக் கூரையைத் தமிழர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள். 2011 உலகக் கோப்பைக்காகச் சென்னை சேப்பாக்கம் மைதானத்தைப் புதுப்பித்தபோது, பார்வையை மறைத்த தூண்களோடு நின்ற பழைய கூரைகள் போய், எஃகு வடங்களில் கட்டிய வெண்ணிறக் கூம்புகள் வந்தன. லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தவை அவை. வெளிச்சம் கசிந்து இறங்குகிறது. கடற்காற்றும் உள்ளே வருகிறது.

ஆனால் அந்தக் காற்றுதான் இத்தகைய கூரைக்கு எமன். இந்தியத் தரநிலை, ஹேடோ அமைந்துள்ள போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பகுதிக்கு நொடிக்கு 44 மீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது. மணிக்குச் சுமார் 158 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 118 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். கூரையின் வடிவத்தைப் பொறுத்து அதில் பெரும்பகுதி மேல்நோக்கி உறிஞ்சும். ஒன்றரை கிலோ துணியை நூறு கிலோ விசை தூக்கப் பார்க்கிறது! சாதாரணக் கட்டடத்தில் அடித்தளம் கூரையைத் தாங்குகிறது. இங்கே அது கூரையைப் பறக்கவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். செலவும் அறிவும் போய்ச்சேர வேண்டிய இடம் மண்ணுக்குள் புதையும் நங்கூரங்கள்தான்.

அடுத்தது வடிவம். கல்யாண வீட்டு ஷாமியானாவில் மழைநீர் தேங்கித் துணி வயிறு போலத் தொங்குவதையும், யாராவது மூங்கிலால் குத்தி நீரைத் தள்ளுவதையும் எல்லோரும் பார்த்திருப்போம். நீர் தேங்கத் தேங்கப் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமானால் இன்னும் நீர் சேரும். தட்டையான துணி காற்றில் படபடத்து, அந்தப் படபடப்பிலேயே நைந்து கிழியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: குதிரைச் சேணம் போல ஒரு திசையில் தாழ்ந்தும் குறுக்குத் திசையில் மேலெழுந்தும் வளையும் பரப்பு. தொங்கும் நூல்கள் மழையின் சுமையை ஏற்கும். கவிந்த நூல்கள் காற்றின் உந்தலைத் தடுக்கும். இரண்டையும் முன்கூட்டியே இறுக்கி வைத்தால் காற்றில் துணி எளிதில் தளராது. எளிய வகை இதுதான்: நான்கு மூலைகளில் எதிரெதிரான இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டைத் தாழ்த்திக் கட்டுவது. மழைநீர் தாழ்ந்த மூலைகளில் வழிந்து வடிகாலுக்குப் போய்விடும்.

இதற்கான வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து பெற முடியாது; விசைகளின் சமநிலையில் அது தானாக உருவாக வேண்டும். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ கம்பி வளையங்களைச் சோப்பு நீரில் முக்கியெடுத்து, அவற்றில் படரும் படலத்தை அளந்து வடிவங்களைக் கண்டார். சோப்புப் படலத்தில் எல்லாத் திசையிலும் இழுவிசை ஒன்றே என்பதுதான் அவர் பிடித்த சூட்சுமம். 1972 மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தின் கம்பிவலைக் கூரையில் அவர் பங்கு பெரிது. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. பிறகு அந்த வளைபரப்பைப் பட்டைகளாகப் பிரித்து, இழுக்கும்போது துணி நீளும் அளவைக் கழித்து, சற்றே சிறிதாக வெட்டிச் சூட்டில் ஒட்டுகிறார்கள்.

எந்தத் துணி? பிவிசி பூசிய பாலியெஸ்டர் விலை குறைவு. 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். டெஃப்லான் பூசிய கண்ணாடி இழை விலை அதிகம். ஆனால் தீப்பிடிக்காது, அழுக்கு ஒட்டாது, 25 ஆண்டுக்கு மேல் நிற்கும். பூசணம் பிடிக்கும் ஈரக்காற்றில் நான் இரண்டாவதையே சொல்வேன். உப்புக் காற்று முதலில் தின்பது துணியை அல்ல, அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளையும் வட முனைகளையும். அவற்றுக்குக் கடலைத் தாங்கும் 316 தர எஃகு வேண்டும்.

ஹேடோவிலோ வேறு கடலோர ஊரிலோ இப்படியொரு அரங்குக்கு ஒப்பந்தம் பேசப் போகிறவர்கள் துணியின் விலையைப் பிறகு கேட்கட்டும். முதலில் நங்கூரத்தின் காற்றுக் கணக்கையும், ஆண்டுதோறும் வடங்களின் இறுக்கத்தைச் சோதிப்பது யார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.