கேமரன் மலைக் குளிரில் பாம்புப் பெட்டிகளைச் சூடாக்குவது எப்படி?

கோலாலம்பூரில் பால் பைத்தான் (ball python) பாம்பு வளர்ப்பவரைக் கேட்டால், "ஹீட்டர் எதற்கு, நம் ஊர்ச் சூடே போதும்" என்பார். அவர் ஊருக்கு அது சரி. கேமரன் மலையில் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவுக்கு அது பொருந்தாது. இங்கே பகலில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. இரவில் 15 அளவுக்கு இறங்கிவிடும். தேயிலைக்கு உகந்த இந்தக் குளிர், ஆப்பிரிக்க வெப்பப் பகுதியைச் சேர்ந்த பால் பைத்தானுக்கு ஆபத்து.

பாம்பின் உடல் வெளிச்சூட்டை நம்பியே இயங்குகிறது. சூடு குறைந்தால் விழுங்கிய எலி செரிக்காது, கக்கிவிடும். குளிர் நீடித்தால் மூச்சுக்குழாயில் தொற்று வரும். வாய் திறந்து மூச்சுவிடுவதும், வாயோரம் எச்சில் குமிழி கட்டுவதும் அதன் அடையாளங்கள். இம்மலையின் மேகக்காட்டில் வாழும் கேமரன் மலைக் குழிவிரியன் (2004-இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது) இக்குளிரிலேயே பிறந்து வளர்வது. வாங்கி வந்த பாம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எவ்வளவு சூடு வேண்டும்?

பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனை 31–32 டிகிரி, மறு முனை 25–26 டிகிரி இருக்க வேண்டும். சோளப் பாம்புக்கு 28–30, 22–24 போதும். மலையில் புதிதாகத் தொடங்குவோருக்குச் சோளப் பாம்பே எளிது.

அடிச்சூடு மட்டும் போதுமா?

அடுக்கு ரேக்குகளில் பெட்டிகளுக்கு அடியில், பின்பக்கமாக ஹீட் டேப் (மின்சாரத்தில் சூடாகும் பட்டை) ஓட்டுவது வழக்கம். பெட்டி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சூடானால் போதும். ஆனால் டேப் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. அறை 16 டிகிரிக்கு இறங்கினால் பெட்டியின் மறு முனையும் கிட்டத்தட்ட அந்த நிலைக்கே போகும். சூடான தரையிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த மூடியில் நீராகப் படிந்து சொட்டும். விரிப்பு நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும்.

ஆகவே மலையில் முதலில் காற்றைக் கவனியுங்கள். ஒரு சிறிய அறையை ஒதுக்கி, சன்னல் இடுக்குகளை அடைத்து, தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் ஹீட்டரால் 24–25 டிகிரியில் நிறுத்துங்கள். தகரக் கூரை லயத்து வீடுகளில் சூடு தங்காது. அங்கே ரேக்கின் பக்கங்களையும் மேற்புறத்தையும் காப்புப் பலகையால் மூடுவது மின்கட்டணத்தைக் குறைக்கும். பெட்டிகளின் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அதன் பிறகு டேப்புக்கு மிச்சமிருப்பது ஏழெட்டு டிகிரி வேலைதான்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டாம்

கட்டுப்பாடில்லாத டேப் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும், தீப்பிடிக்கவும் வைக்கும். சென்சாரை டேப்பின் மேலேயே ஒட்டுங்கள். பெட்டிக்குள் வைத்தால் பாம்பு நகர்த்திவிடும். தெர்மோஸ்டாட் பழுதாகி அணையாமல் நின்றுவிடுவதும் உண்டு. சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் அதற்குக் காவல். அமெரிக்காவுக்கென்று செய்த 110 வோல்ட் டேப்பை நம் 230 வோல்ட் இணைப்பில் செருகாதீர்கள். நான்கு மடங்குக்கும் மேல் சூடேறும்.

வாங்கும் முன்

மின்தடைக்கு வெந்நீர்ப் பையும் தெர்மோகோல் பெட்டியும் தயாராக இருக்கட்டும். பையைத் துணியில் சுற்றியே வையுங்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பல பாம்பினங்களை வளர்க்க உரிமம் தேவை. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். காட்டுப் பாம்பைப் பிடித்து வளர்க்க நினைக்கவே வேண்டாம்.

எல்லாம் பொருத்தியதும் வெறும் பெட்டிகளுடன் ஒரு வாரம் ஓட்டுங்கள். விடியற்காலை, நடுப்பகல் இரண்டு வேளையும் ஒவ்வொரு தட்டிலும் இரு முனைகளை அளந்து எழுதுங்கள். எல்லாத் தட்டிலும் எண்கள் சரியாக வந்த பிறகே பாம்பை வாங்குங்கள்.